ஊத்தை தேடிய பொக்ஸ்ரூம் அண்ணை

நீங்கள் எப்போதாவது பட்டுச்சேலை கட்டிய அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, லண்டன் முழுக்க வீடு வீடாகப் போய், "கொஞ்சம் ஊத்தை இருந்தால் தருவீங்களோ?" என்று கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டிருக்கிறேன். கேட்க வைத்தவர் எங்கள் வீட்டுப் பொக்ஸ்ரூம் அண்ணை. இந்த லண்டனுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். டொக்டர் வந்தார், எக்கவுண்டன்ட் வந்தார், கவிதை எழுதுகிறவர்கள் கப்பல் கணக்கில் வந்தார்கள். அண்ணையைப் போல் ஒருவர் முதலும் வரவில்லை, பிறகும் வரவில்லை. இதை நான் சத்தியக் கடதாசியில் எழுதித் தரத் தயார்.

பொக்ஸ்ரூம் என்றால் என்னவென்று லண்டனில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் வீடு கட்டும்போது இரண்டு அறை ஒழுங்காகக் கட்டுவான். பிறகு கையில் கொஞ்சம் கல் மிஞ்சிவிடும். அதை எறிய மனமில்லாமல் மாடிப்படி ஓரத்தில் ஒரு அறை கட்டுவான். பெட்டி வைப்பதற்கு. எங்கள் ஆட்கள் அதில் ஆள் வைத்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கிங்ஸ்பரி வீட்டுப் பொக்ஸ்ரூமுக்கு அண்ணை குடிவந்தார். அவருக்கு மூன்று பெயர். வீட்டில் வைத்தது ஒன்று, வந்த பாஸ்போர்ட்டில் இருந்தது ஒன்று, கடிதங்களில் வருவது இன்னொன்று. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். "பொக்ஸ்ரூம்" என்றால் மட்டும் உடனே திரும்புவார். ஆகவே அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ் மட்டுமே கொள்ளும் அந்த அறைக்குள், இரண்டாம் மாதமே அவர் நாலடி நீளத்தில் ஒரு மீன்தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். யாரோ வீடு மாறும்போது வாசலில் போட்டுவிட்டுப் போன தொட்டி. அதை அறைக்குள் நுழைப்பதற்குக் கதவைக் கழற்றவேண்டி வந்தது. கழற்றிய கதவைத் திரும்பப் பூட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அறைக்குக் கதவு இல்லை, ஒரு சேலைத்துணிதான். படுத்தால் அவரது கால் இரண்டும் தொட்டி வைத்த ஸ்டாண்டுக்குக் கீழே போய்விடும். விடிய எழும்பும்போது ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வருவார்.

"தம்பி, உமக்கு ரூமோ, மீனுக்கு ரூமோ?" என்று அம்மா கேட்டார்.

"மீனுக்குத்தான் அக்கா. நான் சும்மா கூட இருக்கிறன்."

இந்த மீன்பைத்தியத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய மனைவி. கலியாணம் கட்டி நாலு மாதத்தில் அண்ணை வெளிக்கிட்டு வந்துவிட்டார். அண்ணி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில், இன்றைக்குக் கூப்பிடுவார் நாளைக்குக் கூப்பிடுவார் என்று இருந்தார். கூப்பிடுவதற்கு அண்ணையிடம் ஒழுங்கான விசா இல்லை. கடிதம் எழுதத்தான் முடியும். ஒவ்வொரு கிழமையும், வாரம் தவறாமல், நீலக் கடிதம். எத்தனை வருடத்துக்குத்தான் "சுகம், சுகமறிய ஆவல்" என்று எழுதுவது? விஷயம் தீர்ந்துபோயிற்று. தொட்டி வந்த பிறகு விஷயத்துக்குக் குறைவில்லை.

ஏழு தங்கமீன். ஏழுக்கும் அங்கிருந்து பெயர் வைத்தது அண்ணி. எல்லாம் சொந்தக்காரரின் பெயர். வாயை மூடாமல் திரிகிற மீனுக்கு மச்சாள். மற்ற மீனின் சாப்பாட்டையும் பறித்துத் தின்கிறதுக்குச் சித்தப்பா. மூலையில் கோபித்துக்கொண்டு நிற்கிறதுக்குப் பெரியமாமி. "மச்சாள் இப்ப பெரியமாமியோட கதைக்கிறேல்லை" என்று அண்ணை எழுதுவார். "அதுக்குக் காரணம் சித்தப்பாதான்" என்று கொழும்பிலிருந்து பதில் வரும். குடும்பம் நடத்தினார்கள்.

ஒருநாள் காலை அண்ணை மாடியிலிருந்து இறங்கி வந்து, "அக்கா, சித்தப்பா காலமாயிட்டார்" என்றார். அம்மா உடனே அடுப்பில் இருந்த இறைச்சிக்கறியை இறக்கி வைத்துவிட்டு, நாலு வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டார். பின்னேரம் மூன்று குடும்பம் துக்கம் விசாரிக்க வந்தது. ஒருவர் பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்திருந்தார். அண்ணை எல்லோருக்கும் மரியாதையாகக் கைகுவித்து, "இரவு நல்லாத்தான் சாப்பிட்டவர்" என்றார். கோப்பி தீருமட்டும் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. பிறகு வாங்கிய மீனுக்கும் அண்ணி சித்தப்பா என்றே பெயர் வைத்தார்.

அண்ணை தொட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். அறை தெரியாமல், தொட்டியும் அவரும் மட்டும். அண்ணி எழுதினார்: "இவ்வளவு பெரிய ஹோலில ஏன் தனிய இருக்கிறியள்? ஆரையாவது துணைக்கு வச்சிருக்கலாம்தானே." அந்தக் கடிதத்தை அண்ணை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். கடைசி வரியை மட்டும் அவர் சத்தமில்லாமல் வாசித்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டேன். "வந்தவுடன முதல் உங்களைப் பாக்க மாட்டன், மீனைத்தான் பாப்பன்" என்று இருந்தது.

இப்போது பில்டருக்கு, தண்ணீர் வடிகட்டுகிற அந்தச் சாமானுக்கு, வருகிறேன். தொட்டியின் மூலையில் ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சின்ன மோட்டார், கீழே ஒரு ஸ்பொஞ்ச். தண்ணீரை இழுத்து, ஸ்பொஞ்சுக்குள்ளால் விட்டு, திரும்பத் தொட்டிக்குள் கொட்டும். தொட்டியோடு வந்த டப்பா அது, அப்போதே கிழடு. மோட்டார்த் தண்டு தேய்ந்தபோது பேனையின் ரீபில்லை வெட்டிச் செருகினார். வாசர் போனபோது சைக்கிள் டியூப். மூடி உடைந்தபோது அம்மாவின் பழைய காலுறையால் கட்டினார். அதில் கொம்பனி செய்த பாகம் எது, அண்ணை செய்த பாகம் எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"புதுசு ஒண்டு வாங்குங்கோவன் அண்ணை," என்பேன்.

"அவ வரட்டும் பிள்ளை."

கிழிந்த கோட்டை மாற்றச் சொன்னாலும் அதுதான். "அவ வரட்டும்." கட்டிலை மாற்றச் சொன்னாலும் அதுதான். பல்லுக்கொதிக்கு டென்டிஸ்டிடம் போகச் சொன்னதற்கும் ஒருமுறை அதையே சொன்னார்.

பில்டர் ஒரு நிமிடமும் நிற்கக்கூடாது. ஆனால் எங்கள் ஆட்களின் பழக்கம் தெரியும்தானே, வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எல்லா சுவிச்சையும் ஒவ்வொன்றாக அமத்திவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். அம்மாவும் அப்படித்தான். அண்ணை சொல்லிப் பார்த்தார், எழுதி ஒட்டிப் பார்த்தார். கடைசியில் சுவிச்சுக்கு மேலே ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினார். அன்றோடு அம்மா சுவிச்சை அமத்துவதில்லை. தொட்டுக் கும்பிடப் போய் இரண்டு தரம் மட்டும் நிறுத்திவிட்டார்.

அந்தக் காலத்தில் லண்டன் தமிழ் வீடுகளில் புது சோபா வந்தால் அடுத்தது மீன்தொட்டி. வாங்கத் தெரியும், பில்டர் பழுதானால் ஒன்றும் தெரியாது. எல்லோரும் எங்கள் வீட்டுக்குப் போன் பண்ணுவார்கள். "பொக்ஸ்ரூம் நிக்கிறாரோ?" அண்ணை படிக்கட்டில் குந்தியிருந்து ரிசீவரை வாங்குவார்.

"போனைத் தொட்டிக்குக் கிட்டப் பிடியுங்கோ அக்கா. கதையாதையுங்கோ. அது கதைக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கள் வீட்டில் டிவியை நிறுத்தவேண்டும். பிறகு தீர்ப்புச் சொல்வார். "கர்ர்ர் எண்டால் தண்டு தேய்ஞ்சுபோச்சு. ங்ங்ங் எண்டால் கல்லுத் துண்டு சிக்கிப்போச்சு. சத்தமே கேக்கேல்லை எண்டால் சுவிச்சைப் போடுங்கோ." ஒருமுறை லண்டனின் தெற்குக் கோடியில், சட்டனில் இருந்து போன் எடுத்த அன்ரி ஒருவர் ரிசீவரைத் தொட்டிக்குள்ளேயே தவறவிட்டுவிட்டார். அண்ணை பதறவில்லை. "இப்பதான் வடிவாக் கேக்குது," என்றார்.

இப்படியே வருடங்கள் போயின. ஏழு வருடமாகப் பிரிந்திருந்த பிறகு, ஒரு ஜனவரியில், பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு அண்ணிக்கு வழி பிறந்தது. ஒரு ஏஜென்டைப் பிடித்து அண்ணியை அனுப்ப அவருடைய அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை ஹீத்ரோ.

செய்தி வந்த அன்றைக்கு அண்ணை வேலைக்குப் போகவில்லை. தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து மீன்களுக்கு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மச்சாள், இனி வாயைக் குறைக்கோணும்."

அவரை விட எங்கள் அம்மாவுக்குத்தான் பரபரப்பு. பொங்கலும் வருகிறது, ஏழு வருடம் புருஷனைக் காணாத பிள்ளையும் வருகிறது. வீடு மினுங்க வேண்டாமா? கேர்ட்டின் கழற்றித் தோய்த்தார். கார்ப்பெட்டை முதுகு முறியத் தேய்த்தார். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, அண்ணை ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பொக்ஸ்ரூமுக்குள்ளும் போய்விட்டார்.

அண்ணை வந்தபோது பின்வளவுக் கொடியில், அப்பாவின் சேர்ட்டுக்கும் என் ஜீன்ஸுக்கும் நடுவில், இரண்டு கிளிப் போட்டு ஒரு ஸ்பொஞ்ச் தொங்கியது. வெள்ளை வெளேரென்று.

"சுடுதண்ணியில ஊறவிட்டு, பாத்திரம் மினுக்கிற பவுடர் போட்டுத் தேய்ச்சு, மஞ்சள்தண்ணியும் தெளிச்சனான் தம்பி," என்றார் அம்மா. "எவ்வளவு ஊத்தை எண்டு நினைக்கிறீர். மூண்டு தண்ணி மாத்தினனான்."

அண்ணை கொடிக்குக் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "அக்கா," என்றார் மெதுவாக, "அது ஊத்தை இல்லை. அதுதான் பில்டர். டப்பா சும்மா டப்பா."

அம்மாவுக்கு விளங்கவில்லை. பொலிடெக்னிக்கில் கொம்பியூட்டர் படித்துக்கொண்டு உலகமே தெரியும் என்று திரிந்த எனக்கும் விளங்கவில்லை. அண்ணை சொன்னார். மீன் கழிக்கிறது தண்ணீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்குகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஸ்பொஞ்ச் ஊத்தைக்குள்தான் குடியிருக்கின்றன. ஸ்பொஞ்சைக் கழுவினால் தொட்டித் தண்ணீரில் மெல்ல அலசவேண்டும், அவ்வளவுதான். அம்மா ஒரு ஊரையே அவித்துத் தோய்த்துக் காயப்போட்டிருந்தார். அந்த ஊர் திரும்ப வளர ஆறு கிழமை எடுக்கும். சனிக்கிழமைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அம்மா குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். "எடியே, நான் அந்தப் பிள்ளையின்ர மீனைச் சாக்காட்டிப்போட்டன்."

செவ்வாய்க்கிழமை தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பெரியமாமி சரிந்து நீந்தியது. அண்ணை குளிக்கிற தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, குளோரின் போகட்டும் என்று ஒருநாள் வைத்து, பாதிப் பாதியாக மாற்றினார். பொங்கல் வாரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் குளிக்கவில்லை. வாளியில் முகம் கழுவிவிட்டுக் காலேஜுக்குப் போனேன்.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார் அண்ணை. "வேற தொட்டியில ஓடின ஊத்தை ஸ்பொஞ்ச் ஒண்டு வேணும். அதை எங்கட பில்டருக்குள்ள வச்சால் பிழைக்குங்கள்."

அவ்வளவுதானே? லண்டனில் அவர் போனில் வைத்தியம் பார்த்த தொட்டி முப்பதாவது இருக்கும். போன் பண்ணத் தொடங்கினோம். என்ன நடந்தது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். பொங்கல் வாரம். லண்டனில் இருந்த அத்தனை தமிழ் வீட்டிலும் அத்தனை அம்மாக்களும் அத்தனை பில்டரையும் கழுவியிருந்தார்கள். ஒரு வீட்டில் டெட்டோல். ஒரு வீட்டில் வொஷிங் மெஷின்.

சட்டன் அன்ரி மட்டும் உறுதியாகச் சொன்னார். "நாங்கள் கழுவேல்லை தம்பி. நீர் சொன்ன பிறகு தொட்டதே இல்லை."

பொங்கலுக்கு முதல்நாள் காலை. அப்பா பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்டில். லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதமான நான்தான் டிரைவர். அண்ணை முன்சீட்டில் ஒரு வெறும் ஐஸ்கிரீம் டப்பாவோடு. "நானும் வாறன், என்ர பிழைதானே" என்று அம்மா பின்சீட்டில், சட்டனில் இருந்து வரும் வழியில் கோயிலுக்கும் போகலாம் என்று பட்டுச்சேலையோடு. ஆர்ச்வே கோயில் சட்டனில் இருந்து வரும் வழியில் இல்லை, அம்மாவின் லண்டன் மேப் தனி.

ஒன்றரை மணித்தியாலம் ஓட்டிச் சட்டன் போய்ச் சேர்ந்தோம். அன்ரி வாசலிலேயே நின்று கதைத்தார். உள்ளே கூப்பிடவில்லை. அண்ணை எட்டிப் பார்த்தார். ஹோல் ஹீட்டருக்கு மேல் வரிசையாக மூன்று காலுறை, நாலாவது ஸ்பொஞ்ச். வெள்ளை வெளேரென்று.

"நேற்றுத்தான் தம்பி," என்றார் அன்ரி. "போனில சொல்ல வெக்கமாக் கிடந்தது."

திரும்பும்போது அண்ணை ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பின்சீட்டிலிருந்து அம்மா, "ஆர்ச்வேக்கு விடு," என்றார்.

கோயிலில் அர்ச்சனை. யாருடைய பெயரில் என்று ஐயர் கேட்டார். அம்மா ஒரு கணமும் தயங்கவில்லை. "மச்சாள், சித்தப்பா, பெரியமாமி, இன்னும் நாலு பேர். நட்சத்திரம் தெரியாது ஐயா, எல்லாரும் தண்ணியில கிடக்கினம்." ஐயர் எங்கள் குடும்பம் ஏதோ கப்பல் விபத்தில் சிக்கியிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் உருக்கமாகச் செய்தார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெடியன் அதைக் கேட்டுவிட்டு என்ன விஷயம் என்று விசாரித்தான். அண்ணை சொன்னார். பெடியன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, எங்கட வீட்டிலயும் ஒரு தொட்டி கிடக்கு. முதல் இருந்த ஆக்கள் விட்டுட்டுப் போனது. நாங்கள் அஞ்சு பெடியள். மேல இருந்து கொஞ்சம் சாப்பாடு தூவுறனாங்கள். உள்ள மீன் நிக்குதோ இல்லையோ எண்டு தெரியாது, தண்ணி அவ்வளவு பச்சை. பில்டர் ஓடுது."

"கழுவினனீங்களோ?"

"நாங்கள் கோப்பையே கழுவுறேல்லை அண்ணை."

அண்ணை அவனைக் கட்டிப்பிடித்துவிட்டார். சந்நிதிக்கு நேரே.

நேரே போயிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பெடியன் ஒருமுறை அம்மாவின் பட்டுச்சேலையைப் பார்த்தான். அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "நீங்கள் காரை எடுத்துக்கொண்டு ஆறுதலா வாங்கோ, நான் முன்னுக்குப் போய் வீட்டைக் கொஞ்சம் கூட்டிவிடுறன்," என்று சொல்லி, வீட்டு நம்பரையும் சொல்லிவிட்டு ஓடினான். நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அண்ணையின் முகம் மாறியது.

"பிள்ளை. அவன் என்ன செய்யப்போறன் எண்டவன்?"

நான் அன்றைக்கு ஓட்டிய மாதிரி அதற்குப் பிறகு ஒருநாளும் ஓட்டியதில்லை. ஆர்ச்வே ஏற்றத்தில் அந்தக் கிழட்டுக் கார் அழுதது. வீட்டுக்கு முன்னால் நிறுத்துவதற்கு முதலே அண்ணை குதித்து ஓடினார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவன் கூட்டுகிறான், ஒருவன் சேர்ட்டுகளை அள்ளிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிறான், ஒருவன் ஏதோ வாசனை ஸ்பிரே அடிக்கிறான். குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

கோயிலில் கண்ட பெடியன் சிங்குக்கு முன்னால் நின்றான். ஒரு கையில் ஸ்பொஞ்ச். கறுப்பு, சளி மாதிரி வழிகிற, நாற்றம் பிடித்த, அழகான ஸ்பொஞ்ச். மற்றக் கையில் சோப்புப் போத்தல்.

"கழுவாதை தம்பி," என்றார் அண்ணை. "கும்பிட்டுக் கேக்கிறன். கழுவாதை."

பெடியன் போத்தலைக் கீழே வைத்தான். அம்மா பின்னால் மூச்சிரைக்க வந்து, அந்த வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். எங்கள் அம்மா. கண்ணாடியில் விரல் அடையாளம் இருந்தாலும் தூக்கம் வராத அம்மா. "நல்ல வீடு தம்பி," என்றார். "இப்பிடியே வச்சிருங்கோ."

பாதி ஸ்பொஞ்சை வெட்டித் தந்தார்கள். அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, காற்றுப் போகட்டும் என்று டப்பாவின் மூடியைத் திறந்தபடி அம்மா மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பனி. குளிர்ந்துவிடக்கூடாது என்று கோட்டால் மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலும் பச்சைத் தண்ணீர் பட்டில் சிந்தியது. அம்மா குனிந்தும் பார்க்கவில்லை.

இரண்டு மீன் போய்விட்டன. பெரியமாமியும், பெயர் மறந்துபோன ஒரு சின்ன மீனும். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. ஐந்து மீன் கீழே இறங்கி நீந்தின. மச்சாள் சாப்பாடு கேட்டு வாயைத் திறந்தது. அண்ணை தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு விரல் அடையாளம் இல்லாமல் துடைத்தார். பிறகு பல்லுத் தீட்டினார், சவரம் செய்தார், திரும்பவும் கண்ணாடியைத் துடைத்தார்.

சனிக்கிழமை ஹீத்ரோவுக்கு நானும் போனேன். அண்ணை கையில் ஒரு புதுப் பெண்கள் கோட். அவர் வாங்கிய முதல் புதுச் சாமான். காலைப் பிளேன் வந்தது. மத்தியானப் பிளேன் வந்தது. வெளியே வருகிற ஒவ்வொரு சேலைக்கும் அண்ணை கால்விரலில் எழும்பினார். ஏழு வருடத்தில் ஆள் மெலிந்திருப்பாரோ, கொழுத்திருப்பாரோ, கண்ணாடி போட்டிருப்பாரோ என்று அவருக்கே தெரியாது. பின்னேரம் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, "வா பிள்ளை, மீனுக்குச் சாப்பாடு போடேல்லை," என்றார்.

திங்கட்கிழமை போன் வந்தது. நான்தான் எடுத்தேன். நல்ல தெளிவான குரல். "நான் அவற்ற மனிசி கதைக்கிறன். டொரொன்டோவில நிக்கிறன் தங்கச்சி." ஏஜென்டுக்கு லண்டன் வழி சரிவரவில்லை. கனடாவுக்கு ஏற்றிவிட்டான். அண்ணி அங்கே இறங்கி, அகதி என்று பதிந்து, யாரோ தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார்.

அண்ணை வழக்கம்போல் படிக்கட்டில் குந்தியிருந்து கதைத்தார். "ஓம். ஓம். சாப்பிட்டனீரோ? ஓம். ஸ்னோவோ? கால் நனையாமல் பாரும். ஓம், நிக்குதுகள். அஞ்சு நிக்குதுகள். ஓம்." வைத்தார். பிறகு என்னிடம், "பிள்ளை, டொரொன்டோ எண்டால் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "அப்ப மீனைக் கொண்டுபோக ஏலாது," என்றார்.

இரண்டு கிழமை அண்ணை மீனைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலையால் வரும்போது கையில் ஒரு பெட்டி. புது பில்டர். கறுப்பு நிறம், பளபளவென்று, ஒரு வருட கேரண்டி. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அவ வரட்டும்" என்று அவர் சொல்லவில்லை. குசினிக்குள் போய் அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்ட அவர் விடவில்லை. இரண்டும் ஒரே தொட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடவேண்டும், பழையதிலிருந்து அந்த உயிர்கள் புதியதுக்குக் குடிபோகவேண்டும், அதற்கு ஆறு கிழமை என்றார். ஆறு கிழமை இரண்டு மோட்டாரும் சேர்ந்து பாடின. அந்த நாட்களில் அவர் அம்மாவை மேலே கூப்பிட்டு, எப்படி அலசுவது, எப்போது அலசக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். அம்மா ஒரு கொப்பியில் எழுதினார். தண்ணீர் மாற்றும் நாளை ஏகாதசி விரதம் மாதிரிக் கலண்டரில் குறித்தார்.

அண்ணை கனடா போகிற பேப்பர்கள் சரிவர ஆடி ஆகிவிட்டது. போகிற அன்றைக்கு அண்ணை பழைய பில்டரைத் துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். ரீபில், சைக்கிள் டியூப், காலுறை எல்லாவற்றோடும்.

"உந்த டப்பாவை ஏன் அண்ணை காவுறியள்? அங்கத்தக் கரண்டுக்கு அது ஓடாதே."

"ஏழு வருஷமா எழுதினனான் பிள்ளை. ஒண்டையாவது காட்டோணும்."

கதவில்லாத அந்த அறையை நாங்கள் பிறகு யாருக்கும் விடவில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு அம்மா, "அது சின்ன ரூம் தம்பி, ஆள் இருக்க ஏலாது," என்கிறார். தொட்டி அங்கேதான். அம்மா இப்போது போனில் மற்ற அன்ரிமாருக்கு வகுப்பு எடுக்கிறார். டிகிரி முடித்து வேலைக்குப் போகிற எனக்கு, வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் மாடிக்குப் போய் அந்தச் சேலைத்துணியை விலக்கிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

போன கிழமை டொரொன்டோவுக்குப் போன் எடுத்தேன். அண்ணிதான் முதலில் வந்தார். "உங்கட அண்ணை கொண்டுவந்த டப்பாவை நான் நல்லாத் தேய்ச்சு மினுக்கி அலுமாரிக்கு மேல வச்சிருக்கிறன்," என்றார். பின்னால் ஒரு குழந்தை கத்தியது. அண்ணை யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினார். எங்கள் மீன் ஒவ்வொன்றையும் விசாரித்தார். எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, "அங்க பெரிய தொட்டியா வாங்கியிருப்பியள் என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"தொட்டியோ?" என்றார், நான் ஏதோ புதுச் சாமானின் பெயரைச் சொன்ன மாதிரி. "ஏன் பிள்ளை?"

டொரொன்டோவில் அவர் வீட்டில் மீன்தொட்டி இல்லை.